ரப்பர் தளிர்க்குமுன் திறக்க வேண்டிய பெட்டி

தேனீ வளர்ப்பு பற்றி மேற்கு நாடுகளில் வந்த எந்தக் கையேட்டைப் பிரித்தாலும் வசந்தகாலப் பரிசோதனைக்கென்று ஓர் அத்தியாயம் இருக்கும். பனி விலகுகிறது, வில்லோ மரம் பூக்கிறது, குளிர்காலம் முழுக்க மூடிக் கிடந்த பெட்டியை வளர்ப்பவர் முதன்முறையாகத் திறக்கிறார். அங்கிருந்து கோடைவரை என்னென்ன பார்ப்பது, எத்தனை நாளைக்கு ஒருமுறை பார்ப்பது என்று அத்தியாயம் நீளும். நம் ஊர்ப் பெட்டி வளர்ப்பும் அந்த மரபின் வழியாக வந்ததுதான். ஆனால் கன்னியாகுமரி மாவட்டத்தில் பனியும் இல்லை, வில்லோவும் இல்லை. மார்த்தாண்டத்துத் தேனீக்கு, தைப் பொங்கலை ஒட்டி ரப்பர் மரம் தளிர் விடுவதுதான் வசந்தம்.

இந்த இரண்டு வசந்தங்களையும் அருகருகே வைத்து, பெட்டியை எப்போது, எத்தனை முறை, எதற்காகத் திறப்பது என்ற கேள்வியை இங்கே பார்க்கலாம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பரிசோதனைக்கான நாளைத் தேன் வரத்து தொடங்கும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணித்தான் குறிக்க வேண்டும். மரம் பூத்த பிறகு, தளிர்த்த பிறகு பெட்டியைத் திறப்பவர் அந்த ஆண்டின் தேனை ஏற்கெனவே இழந்துவிட்டார்.

பெட்டியைத் திறந்து பார்க்க முடிவதே அண்மையில் கிடைத்த வசதி. வைக்கோல் கூடையிலும் மண்பானையிலும் மரப்பொந்திலும் தேனீ இருந்தவரை, உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க அடையை அறுத்தாக வேண்டும். ஜெனீவாவில் வாழ்ந்த பிரான்சுவா ஊபர் பார்வை இழந்தவர். ஒவ்வொரு அடையையும் தனித்தனியே திருப்பிப் பார்க்கும்படி கீல் வைத்த சட்டங்களால் ஒரு கூட்டைச் செய்து, தம் உதவியாளர் பூர்னானின் கண்களை நம்பி ராணியின் வாழ்க்கையை ஆராய்ந்து 1792இல் நூலாக வெளியிட்டார். அன்றாடம் பயன்படும் பெட்டி வர இன்னும் அறுபது ஆண்டு ஆயிற்று. அமெரிக்கப் போதகர் லாங்ஸ்ட்ராத் 1851இல் கண்டுகொண்டது ஓர் இடைவெளியை. சட்டத்துக்கும் பெட்டிச் சுவருக்கும் நடுவே 6 முதல் 9 மில்லிமீட்டர் விட்டால் தேனீ அதை நடைபாதையாக விட்டுவைக்கும். அதைவிடக் குறைந்தால் பிசின் வைத்து அடைக்கும், கூடினால் அடை கட்டி நிரப்பும். அந்த அளவு தெரிந்த பிறகுதான் சட்டம் ஒட்டாமல் கையோடு வந்தது.

இந்தியத் தேனீ உடலில் சிறியது, கூட்டமும் சிறியது. லாங்ஸ்ட்ராத் பெட்டி அதற்கு அளவுக்கு மீறிய வீடு. 1910களில் நியூட்டன் என்ற பாதிரியார் அடை அளவைச் சுருக்கி நம் தேனீக்கென்று ஒரு பெட்டியை வடிவமைத்து, தென்னிந்தியக் கிராமத்தாருக்குப் பயிற்சியும் தந்தார். புழு அறையில் 7 சட்டம், மேலே அதைவிடக் குட்டையான தேன் அறை. இன்றும் நியூட்டன் பெட்டி என்றே சொல்கிறோம். அடுத்த பத்தாண்டில், அன்று திருவிதாங்கூரைச் சேர்ந்த மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. கிராம மையத்தை நடத்திய ஸ்பென்சர் ஹாட்ச் தேனீ வளர்ப்பைக் குடிசைத் தொழிலாகப் பரப்பினார். மார்த்தாண்டம் தேன் என்று கடைகளில் பெயர் விளங்குவதற்கு வேர் அங்கே இருக்கிறது.

இனி குளிர்நாட்டு வசந்தம். ஐரோப்பியத் தேனீ குளிர்காலத்தில் தூங்குவதில்லை. கூட்டம் முழுதும் பந்தாகத் திரண்டு, சேர்த்துவைத்த தேனைத் தின்று, உடல் தசையை அதிரவைத்துச் சூடு உண்டாக்கிக்கொண்டு இருக்கும். பகல் நீளத் தொடங்கியதும் ராணி மெல்ல முட்டையிட ஆரம்பிக்கிறாள். புழு வந்துவிட்டால் கூட்டின் நடுப்பகுதியை 34, 35 டிகிரியில் வைத்தாக வேண்டும், அதற்குத் தீனி அதிகம் செலவாகும். அதனால் கடுங்குளிரில் பிழைத்த கூட்டம் மார்ச்சில் பட்டினியால் சாவது அங்கே அடிக்கடி நடக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் பெட்டியைத் திறக்காமலே பின்பக்கம் கையால் தூக்கி எடை பார்ப்பார்கள். இங்கிலாந்தில், தோட்டத்துச் செடியான பூக்கும் கரண்ட் மலரும்வரை முழுப் பரிசோதனை வேண்டாம் என்று ஒரு வழக்கு உண்டு. நாட்காட்டியை நம்பாமல் செடியை நம்பும் இந்த வழக்கம் எனக்குப் பிடித்தது.

திறந்தபின் என்ன பார்ப்பது என்பதை டெட் ஹூப்பர் 1976இல் எழுதிய கையேடு ஐந்து கேள்விகளாகச் சுருக்கியது. இடம் போதுமா? ராணி இருக்கிறாளா, எதிர்பார்த்த அளவு முட்டை இடுகிறாளா? மற்றப் பெட்டிகளுக்கு ஈடாகக் கூட்டம் வளர்கிறதா, பருவம் முற்றியிருந்தால் புது ராணி வளரும் ராணி அறை தென்படுகிறதா? நோய்க்குறி உண்டா? அடுத்த பரிசோதனைவரை தீனி தாங்குமா? இதில் ராணியைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று எங்கும் இல்லை. முட்டை அறையின் அடியில் குத்திட்டு நின்றால் அன்று இட்டது, சாய்ந்திருந்தால் ஒருநாள் ஆகிவிட்டது, படுத்துவிட்டால் புழுவாகப் போகிறது. ஆக, நிற்கும் முட்டை ஒன்று கண்ணில் பட்டால் ராணி நலம். ராணியைத் தேடிச் சட்டம் சட்டமாகப் புரட்டுவது வளர்ப்பவரின் ஆசைக்காக நடப்பது, தேனீக்கு அதில் நட்டம்தான்.

வாரம் ஒருமுறை திறக்க வேண்டும் என்ற விதி எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால் அதை எங்கே தளர்த்தலாம் என்பதும் விளங்கும். ராணி அறையில் முட்டை மூன்று நாள், புழு ஐந்து நாள் போல இருந்து, எட்டு ஒன்பதாம் நாளில் மூடப்படும். அறை மூடப்படுவதை ஒட்டிப் பழைய ராணி பாதிக் கூட்டத்தோடு வெளியேறுகிறாள். எனவே ஏழு நாளுக்கு ஒருமுறை பார்த்தால் மூடாத அறையைப் பிடித்துவிடலாம். ராணியின் ஒரு சிறகை நுனியில் வெட்டிவிட்டால் கூட்டம் கிளம்பினாலும் அவளால் பறந்து போக முடியாது, கூட்டம் திரும்பிவிடும். அப்போது பத்து நாள்வரை தள்ளலாம். ராணியை இழக்கலாமே தவிர கூட்டம் போகாது. அதாவது இந்த விதி முழுக்கக் குலம் பிரியும் பருவத்துக்கானது. அந்தப் பருவம் கடந்த பின்னும் வாரம்தோறும் திறப்பவர் ஏன் திறக்கிறோம் என்பதை மறந்துவிட்டார்.

குலம் பிரிவதைத் தடுக்க எழுதப்பட்ட முறைகள் ஒரு நூலகத்தை நிரப்பும். இங்கிலாந்தின் பேக்டன் 1868இலும், அமெரிக்காவின் டெமரீ 1892இலும், மீண்டும் இங்கிலாந்தின் ஸ்னெல்குரோவ் 1934இலும் எழுதிய முறைகள் இன்றும் பெயர் சொல்லி வழங்குகின்றன. படத்தில் பார்த்தால் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை போலத் தோன்றும். உள்ளே போனால் ஒரே தந்திரம்தான்: ராணி, புழு, வெளியே பறந்து மேயும் தேனீ ஆகிய மூன்றில் ஒன்றை மற்ற இரண்டிலிருந்து பிரித்துவிடு, கூட்டம் ஏற்கெனவே பிரிந்துவிட்டதாக நம்பும். ஏன் நம்புகிறது என்பதற்கு 1950களில் ரோதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் காலின் பட்லர் கண்டறிந்த ராணியின் வாசனைப் பொருள் பாதி விடை தந்தது. நெரிசல் மிகுந்த பெட்டியில் அது எல்லாத் தேனீக்கும் போய்ச் சேர்வதில்லை. சேராத இடத்தில் ராணி அறை எழும்புகிறது. அதனால்தான் ராணி அறைகளைக் கிள்ளி எறிவதை மட்டும் செய்பவர் தோற்கிறார். நெரிசல் அப்படியே இருக்க, அறிகுறியை மட்டும் அழிக்கிறார்.

இதுவரை சொன்னவை எல்லாம் கூட்டத்தைக் காப்பாற்றும் கதை. தேன் எடுக்கும் கதை வேறு கணக்கில் நடக்கிறது. ஐரோப்பிய வேலைக்காரத் தேனீ முட்டையிலிருந்து வெளிவர 21 நாள். வந்தபின் ஏறக்குறைய மூன்று வாரம் கூட்டுக்குள்ளேயே துப்புரவு, புழுவுக்கு ஊட்டுதல், அடை கட்டுதல், காவல் என்று கழியும். அதன் பிறகே பூவுக்குப் போகும். இந்தியத் தேனீ ஓரிரு நாள் முந்தும், அவ்வளவுதான். ஆக, இன்று இட்ட முட்டை தேன் கொண்டுவர நாற்பது நாள் ஆகும். அமெரிக்க ஆய்வாளர் ஃபேரர் 1930களில் இதற்கு இன்னொரு கண்ணி சேர்த்தார். 15,000 தேனீ கொண்ட நான்கு பெட்டிகள் சேர்ந்து தருவதைவிட 60,000 தேனீ கொண்ட ஒரே பெட்டி ஏறக்குறைய ஒன்றரை மடங்கு தேன் தரும். சிறிய கூட்டத்தில் பெரும்பங்கு ஆள் புழு வளர்ப்பிலேயே செலவாகிவிடுகிறது. பெட்டி எண்ணிக்கையைப் பெருமையாகச் சொல்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

கலிபோர்னியாவின் பாதாம் தோப்புகளில் இந்தக் கணக்கு ஒப்பந்தமாகவே மாறியிருக்கிறது. அங்கே பிப்ரவரியில் பூ. நாடெங்கும் இருந்து 20 லட்சத்துக்கு மேற்பட்ட பெட்டிகள் லாரியில் வருகின்றன. தேனீ நிறைந்த சட்டம் சராசரி எட்டு இருக்க வேண்டும் என்பது போன்ற நிபந்தனையோடு வாடகை பேசப்படுகிறது, பெட்டிகளைத் திறந்து எண்ணிப் பார்க்கவும் ஆள் வருகிறார்கள். பனிக்காலத்திலேயே கூட்டம் பெருகியாக வேண்டும் என்பதால், வசந்தம் வருமுன் மாவும் பாகும் கொடுத்துத் தேனீயை எழுப்புகிறார்கள்.

இப்போது குமரி மாவட்டத்துக்கு வருவோம். ரப்பர் மரத்தில் தேனீ தேடுவது பூவை அல்ல. ஒரு காம்பில் மூன்று சிற்றிலை, மூன்றும் காம்போடு சேரும் இடத்தில் மதுரம் சுரக்கும் சுரப்பிகள். மார்கழியை ஒட்டி மரம் இலை உதிர்த்து மொட்டையாகும். பிறகு செம்பு நிறத்தில் தளிர் வரும். அது இளம்பச்சைக்கு மாறும்போது சுரப்பு தொடங்குகிறது, இலை முற்றியதும் நின்றுவிடுகிறது. தோட்டத்துக்குத் தோட்டம் தளிர்க்கும் நாள் மாறும். அதனால்தான் மார்த்தாண்டம், குலசேகரம் பக்கத்து வளர்ப்பாளர்கள் பெட்டிகளை வண்டியில் ஏற்றிக் கேரளத்து ரப்பர் தோட்டங்களுக்கும் கொண்டுபோகிறார்கள். திறந்த வெளியில் சுரக்கும் மதுரம் என்பதால், அந்த வாரங்களில் மழை பெய்தால் கழுவிக்கொண்டு போய்விடும். தளிரில் சாம்பல் நோய் விழுந்து இலை கொட்டினாலும் அன்றோடு கதை முடிந்தது.

இந்த வசந்தத்துக்கு நாற்பது நாள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். தை நடுவில் வரத்து தொடங்குமானால், அன்று பறக்க வேண்டிய தேனீ மார்கழி முதல் வாரத்தில் முட்டையாக இருந்திருக்க வேண்டும். மார்கழி முதல் வாரத்தில் ராணி முழுவேகத்தில் இடுவதற்கு, அந்தப் புழுக்களுக்கு ஊட்டும் இளந்தேனீக்கள் கார்த்திகைத் தொடக்கத்திலேயே முட்டையாக இருந்திருக்க வேண்டும். அதாவது ஐப்பசிக் கடைசியிலிருந்து கார்த்திகை முடிய நடக்கும் பரிசோதனைகளே தேனின் அளவைத் தீர்மானிக்கின்றன. தென்மேற்குப் பருவமழையின் பஞ்ச காலத்தில் இளைத்துப்போன கூட்டத்துக்குச் சர்க்கரையும் நீரும் சமஅளவில் கரைத்த பாகு கொடுத்துத் தூக்கிவிடுவது இந்த நாட்களுக்காகத்தான். தை பிறந்து தளிரைப் பார்த்துவிட்டுப் பாகு கொடுப்பவர், தேன் வரத்து முடிந்தபின் வேலைக்கு வரப்போகும் தேனீயை வளர்க்கிறார். அதோடு, தேன் அறை வைத்தபின் ஊட்டிய பாகு தேனோடு கலந்து வியாபாரத்தின் பெயரைக் கெடுக்கும். தேன் அறை ஏறும் நாளில் பாகுக் கிண்ணம் வெளியே வந்துவிட வேண்டும்.

பெட்டியைப் பிரிப்பதும் இந்தக் கணக்குக்குள் அடங்க வேண்டும். ராணி அறையோடு பிரித்து வைத்த பெட்டியில் புது ராணி வெளிவந்து, வெளியே பறந்து ஆண் தேனீக்களோடு கூடித் திரும்பி, முட்டையிடத் தொடங்க இரண்டு மூன்று வாரம் ஆகும். அவள் இட்ட முதல் முட்டை தேனீயாக இன்னும் மூன்று வாரம். கார்த்திகை நடுவில் பிரித்த பெட்டி தையில் வெறும் எண்ணிக்கைக்குத்தான் உதவும். எனவே பிரிப்பது ஐப்பசிக்குள் முடிய வேண்டும். ஐப்பசியில் அடைமழை என்பதுதான் இதில் உள்ள சங்கடம். புது ராணி பறக்க வெயில் உள்ள பகல் வேண்டும். மழை விடாமல் நின்றுவிட்டால் அவள் கூடாமலே போய், ஆண் முட்டை மட்டும் இடுபவளாகிவிடுவாள். இதற்குக் கையேட்டில் தீர்வு கிடையாது. எல்லாப் பெட்டியையும் ஒரே வாரத்தில் பிரிக்காமல், இரண்டு மூன்று தவணையாகப் பிரிப்பவர் பிழைத்துக்கொள்கிறார்.

பெட்டியைத் திறக்கும் விதத்திலும் நம் தேனீ வேறு. ஐரோப்பியத் தேனீ பிசின் வைத்துச் சட்டங்களை ஒட்டிவிடும், நெம்புகோல் இல்லாமல் அசையாது. இந்தியத் தேனீ பிசின் சேர்ப்பதில்லை, சட்டம் எளிதாக வரும். ஆனால் தேனீ அடைமேல் அமைதியாக இருக்காது. ஓடும், அடையின் கீழ்விளிம்பில் கொத்தாகத் தொங்கும், கை சற்று நடுங்கினால் கீழே விழும், அந்தக் கொத்தில் ராணியும் இருக்கலாம். கதம்பைப் புகையும் இரண்டு ஊதலுக்கு மேல் தேவைப்படாது. எல்லாவற்றுக்கும் மேலாக, தொந்தரவு பொறுக்காவிட்டால் கூட்டம் மொத்தமாகவே ஓடிப்போகும். குலம் பிரிந்தால் பாதி மிஞ்சும். ஓடிப்போனால் வெற்று அடையும் மெழுகு அந்துப்பூச்சியும்தான் மிச்சம். பழைய அடையைக் கடித்துக் கீழே தள்ளும் பழக்கம் இந்தத் தேனீக்கு உண்டு. அடித்தட்டில் சேரும் அந்த மெழுகுத் தூளில்தான் அந்துப்பூச்சி முட்டையிடுகிறது. அதனால் குமரியில் ஒரு பரிசோதனையின் பாதிப் பயன், சட்டத்தைத் தொடாமல் அடித்தட்டைத் துடைப்பதிலேயே கிடைத்துவிடுகிறது. வாசலில் நின்று மகரந்தக் கூடையோடு தேனீ நுழைவதைப் பார்த்தாலே உள்ளே புழு வளர்கிறது என்று சொல்லிவிடலாம்.

அதற்காகத் திறக்காமலே விட்டுவிடவும் முடியாது. ராணி செத்துப்போன இந்தியத் தேனீக் கூட்டத்தில், ஐரோப்பியத் தேனீயைவிட வெகு விரைவில் வேலைக்காரத் தேனீக்கள் முட்டையிடத் தொடங்கிவிடும். ஓர் அறையில் இரண்டு மூன்று முட்டை, ஒழுங்கில்லாமல் ஒட்டிக்கிடந்தால் அதுதான் அடையாளம். அந்தக் கூட்டம் புது ராணியை எளிதில் ஏற்காது. குலம் பிரியும் முன்னறிவிப்பை ஆண் தேனீ அறைகள் தருகின்றன. இந்தியத் தேனீயின் ஆண் அறை மூடிகள் கூம்பாக, உச்சியில் ஒரு நுண்துளையோடு இருக்கும். அவை கூடிவரும்போது அடையின் கீழ்விளிம்பில் ராணி அறை தேட வேண்டும். வளர்ச்சிக் காலத்தில் ஏழு முதல் பத்து நாளுக்கு ஒருமுறை, நான்கைந்து நிமிடத்துக்குள், வெயில் ஏறுமுன் முடிப்பது சரியான நடுவழி என்று நினைக்கிறேன். வரத்து தொடங்கியபின் புழு அறையைக் குடையவே வேண்டியதில்லை. மேல் அறையில் முக்கால் பங்கு மூடப்பட்ட அடையை எடுத்துச் சுற்றி, வெற்றடையைத் திருப்பி வைத்தால் போதும். ரப்பர் மதுரம் தரும் அளவுக்கு மகரந்தம் தருவதில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். பக்கத்தில் தென்னை இருக்கும் இடத்துப் பெட்டி அந்த வாரங்களில் இளைக்காமல் நிற்பதற்குத் தென்னை தரும் மகரந்தமே காரணம்.

குளிர்நாட்டு அத்தியாயத்தை அப்படியே எடுத்துக்கொள்வதில் உள்ள பெரிய ஆபத்து நோயில் இருக்கிறது. வசந்தத்தில் வலுத்த பெட்டியிலிருந்து புழுச் சட்டம் எடுத்து நலிந்த பெட்டிக்குக் கொடுத்துச் சமன் செய், இது எல்லாக் கையேட்டிலும் உள்ள அறிவுரை. 1976இல் தாய்லாந்தில் கண்டறியப்பட்ட சாக்புரூட் வைரஸ் வகை 1990களின் தொடக்கத்தில் தென்னிந்தியாவுக்குள் வந்தபோது, குமரியிலும் கேரளத்திலும் கர்நாடகத்திலும் இந்தியத் தேனீப் பெட்டிகளில் பெரும்பகுதி காலியாயிற்று. கூட்டுப்புழு ஆகவேண்டிய பருவத்தில் புழு தலையை நிமிர்த்தியபடி செத்து, எடுத்தால் நீர் நிரம்பிய பையாக வரும். மருந்து கிடையாது. ராணியைக் கூண்டில் அடைத்துச் சில வாரம் முட்டையில்லாமல் செய்து, நோய்ச் சங்கிலியை அறுப்பதும், தாங்கி நின்ற கூட்டத்திலிருந்து ராணி வளர்ப்பதும்தான் வழி. இப்படிப்பட்ட நோய் உலவும் ஊரில் புழுச் சட்டத்தைப் பெட்டிக்குப் பெட்டி மாற்றுவது நோயை நாமே பந்தி வைத்துப் பரிமாறுவதாகும். நலிந்த பெட்டியைத் தூக்கிவிட வேண்டுமென்றால் பாகு கொடுக்கலாம். நோய் இல்லை என்று உறுதியானபின் இரண்டு நலிந்த கூட்டங்களை இணைக்கலாம், ஃபேரர் கணக்குப்படி அதுவே இலாபமும்கூட.

உண்ணி விஷயத்தில் மட்டும் நம் தேனீ அதிர்ஷ்டசாலி. வரோவா உண்ணியின் பூர்வீக வீடே இந்தியத் தேனீயின் இனம்தான், பெரும்பாலும் ஆண் அறையில் மட்டுமே அது பெருகும். ஐரோப்பியத் தேனீயில் வேலைக்காரத் தேனீயின் அறையிலும் பெருகிக் கூட்டத்தையே சாய்த்துவிடும். எனவே மேற்கத்திய வசந்தப் பட்டியலில் முதலிடம் பிடிக்கும் உண்ணிக் கணக்கெடுப்பு, ஐரோப்பியத் தேனீ வளர்ப்பவருக்குக் கட்டாயம், பெட்டியில் இந்தியத் தேனீ வைத்திருப்பவருக்குக் கடைசிக் கவலை.

குமரி வளர்ப்பாளரிடம் இன்று இல்லாதது பெட்டியும் பயிற்சியும் அல்ல, தன் தோட்டத்தின் குறிப்பு. எந்த நாளில் இலை உதிர்ந்தது, எந்த நாளில் தளிர் இளம்பச்சையானது, எந்த நாளில் தேன் அறை கனத்தது என்று மூன்று தேதியை ஆண்டுதோறும் எழுதி வைத்தால், நான்கைந்து ஆண்டில் அவருடைய நாற்பது நாள் எங்கே தொடங்குகிறது என்று தெரிந்துவிடும். வேளாண் துறையும் பயிற்சி நிலையங்களும் மாவட்டத்துக்கு ஒரு பொதுவான பருவ அட்டவணை தருவதோடு நில்லாமல், இந்தத் தேதிகளைத் தோட்டவாரியாகத் திரட்டி வளர்ப்பாளருக்குத் திருப்பித் தர வேண்டும். அதுவரை, ஐப்பசி மழை ஓய்ந்த முதல் நல்ல காலையில் உங்கள் பெட்டியைத் திறந்து முட்டை இருக்கிறதா என்று பாருங்கள்.